மூடி வைத்தால் உடையாது

தூண்டில் வாங்கப் போகிறவன் கடையில் என்ன கேட்பான்? எத்தனை அடி நீளும், எத்தனை கிலோ மீன் தாங்கும், அவ்வளவுதான். சவுரிராயன் கேட்டது வேறு.

"முட்டியில வெச்சு மடக்கினா இது உடையுமாக்கா?"

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இருக்கிற அந்தக் கடையில் வலை, கயிறு, மிதவை, தூண்டில் முள் எல்லாம் கிடைக்கும். கடையை நடத்துகிற இளவரசிக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர், வியாபாரம் முழுக்க இவள் பொறுப்பு. எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவள்தான், ஆனால் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"முட்டியில வெச்சு எதுக்குங்க மடக்கப் போறீங்க? மீன் புடிக்கத்தான வாங்குறீங்க?"

சவுரிராயன் சிரித்து மழுப்பினான். கூட வந்திருந்த சீனுவாசன், மேலே தொங்கிய வலைகளை வாங்க வந்தவன் போல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான். காரணம் அவனுக்கும் தெரியும்.

வளவனூரிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர் போனால் இவர்கள் ஊர். சீனுவாசன் ஊரில் இருப்பவன், சவுரிராயன் காலனியில் இருப்பவன். இரண்டுக்கும் நடுவில் ஏரி. அந்த ஏரியில் மீன் குத்தகையை இந்த வருஷம் எடுத்தவர் விருத்தாசலம் என்கிற பெரிய மனிதர். குத்தகை என்றால் வலை போடுகிற உரிமை. தூண்டில் போடுகிறவனை எந்தக் குத்தகைக்காரரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. விருத்தாசலம் கேட்டார். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுரிராயனின் மூங்கில் கம்பைப் பிடுங்கி, முட்டியில் வைத்து மடக்கி, இரண்டாக்கித் தண்ணீரில் எறிந்தார். ஐப்பசியில் இன்னொரு கம்புக்கும் அதே கதி. தான் விட்ட மீன்குஞ்சை இவன் திருடுகிறானாம். அதே நேரத்தில் எதிர்க்கரையில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்புகளெல்லாம் இன்றைக்கும் முழுசாக இருக்கின்றன. அந்த முள்ளில் மாட்டுகிற மீன் மட்டும் தானாக முளைத்த மீன் போலிருக்கிறது.

"மீன் தின்னணும்னா வளவனூர்ல வாங்கிக்கினு வாயேன். எதுக்கு அங்க போய் அசிங்கப்படற?" என்றாள் அவன் மனைவி அமலா.

"மீனுக்காடி போறேன்?"

"பின்ன எதுக்கு?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நூறு நாள் வேலையில் அந்த ஏரியைத் தூர் வாரியபோது இதே அமலா இரண்டு கோடையாக அதன் சேற்றைத் தலையில் சுமந்தவள். இடுப்பு வலி இன்னும் போகவில்லை. சேறு அள்ள இவர்கள் வேண்டும், தண்ணீர் ஓரத்தில் அரை நாள் உட்கார மட்டும் கூடாது என்றால் அது என்ன நியாயம்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, மிதவையைப் பார்த்துக்கொண்டு மதியம்வரை அந்தக் கரையில் அவன் உட்கார வேண்டும். வாரத்தில் ஆறு நாள் குனிந்தே கிடக்கிற மனிதன் நிமிர்ந்து உட்காருகிற ஒரே இடம் அது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அடிதடிக்குப் போகவும் தைரியம் வரவில்லை. அதனால் உடைத்த கையை விட்டுவிட்டு உடைந்த கம்பைக் குறை சொல்ல ஆரம்பித்தான். மூங்கிலாக இருந்ததால்தான் உடைந்தது, நல்ல கம்பாக ஒன்று வாங்கிவிட்டால் எவனாலும் உடைக்க முடியாது என்று அவனுக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. பாவம், மனிதர்கள் செய்ததற்குக் கடையில் மருந்து தேடினான்.

சீனுவாசனிடம்தான் யோசனை கேட்டான். இருவரும் பதினோரு வருஷமாக ஜோடியாக டைல்ஸ் வேலை செய்கிறவர்கள். இவன் கலவை பரப்பினால் அவன் கல் வைப்பான். இவன் தட்டினால் அவன் ரசமட்டம் பார்ப்பான். இப்போது திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரை போடுகிறார்கள். மதியத்தில் அமலா கட்டிக்கொடுத்த கருவாட்டுக் குழம்பைச் சீனுவாசன்தான் முதலில் திறப்பான். திண்டிவனத்தில் இருக்கிறவரை மச்சான், டா, சீனு, சவுரி. சாயங்காலம் விழுப்புரம் வந்து பஸ் மாறி வளவனூரில் இறங்கியதும் எல்லாம் மாறிவிடும். சீனுவாசன் ஸ்டாண்டில் விட்டிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். சவுரிராயன் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பான். பைக்கின் பின் சீட் காலியாகத்தான் போகும். ஊருக்குள் எதிர்ப்பட்டால் சவுரிராயன் ஓரமாக ஒதுங்கி "வாங்க" என்பான், சீனுவாசன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். சவுரிராயன் இதை வருத்தமாக எடுத்துக்கொண்டதில்லை. சாயங்காலம் வேலைச் சட்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம் என்று இருந்துவிட்டான்.

சீனுவாசனுக்குத் தூண்டிலில் நல்ல ஞானம் உண்டு. வீடூர் அணைக்கு அடிக்கடி போகிறவன். இத்தனைக்கும் விருத்தாசலம் அவனுடைய மாமனார். அது தெரிந்தும் கூப்பிட்டதும் கடைக்கு வந்தானே என்று சவுரிராயனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது.

இளவரசி மூன்று கம்புகளை எடுத்து மேஜையில் வைத்தாள். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்கிற இழுப்புக் கம்புகள். மூடினால் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட, இழுத்தால் பன்னிரண்டு அடி.

"கார்பன் எடுத்துக்கோங்க. வெயிட்டே தெரியாது."

"கார்பன் வாணாம்டா" என்றான் சீனுவாசன். "தூக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கல்லுல ஒரு தட்டு தட்டிச்சுன்னா உள்ள விரிசல் வுடும், வெளிய தெரியாது. அப்பறம் ஒரு நாள் படக்னு பூடும். பைபர் எடு. கனமா இருக்கும், ஆனா எவ்ளோ அடிச்சாலும் தாங்கும்."

அவன் ஒவ்வொரு கம்பையும் முழுக்க இழுத்தான். ஒவ்வொரு கணுவையும் லேசாகத் திருகி இறுக்கினான். நுனியைத் தரையில் ஊன்றி வளைத்து, வளைவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தான். எட்டுக் கணு இருந்ததை ஒதுக்கினான், கணு கூடக் கூடப் பலவீனமும் கூடுமாம். ஆறு கணு கம்பின் வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி அதன் தடிமனை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னான். நூல் ஓடுகிற வளையங்கள் ஒட்டு வேலையா, கட்டு வேலையா என்று நகத்தால் சுரண்டினான். ரசமட்டத்தில் குமிழியைப் பார்க்கும்போது எப்படி ஒரு கண்ணை மூடுவானோ அப்படி மூடிக்கொண்டான்.

"இது உடையாது மச்சான். இத எடு."

"முட்டியில வெச்சா?"

 சீனுவாசன் கம்பை முழுக்க மூடி, கடை வாசலில் கிடந்த இரண்டு செங்கல் மேல் பாலம் மாதிரி வைத்து, ஏறி நின்றான். இளவரசி பதறிப்போய், "யோவ், இன்னாய்யா பண்றீங்க?" என்றாள். கம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா? மூடி வெச்சா ஆறும் ஒண்ணாயிடும். பத்து பேரு மிதிச்சாலும் உடையாது. நீட்டி இருக்கும்போதுதான் பேஜாரு. நுனி ரெண்டு கணு குச்சி மாதிரி, கையாலயே ஒடிச்சிடலாம். அதனால எவனாவது வர்றான்னு தெரிஞ்சா..." குரலைத் தாழ்த்தினான். "ஜல்தியா மூடிடு. அவ்ளோதான்."

எவனாவது என்று அவன் சொன்னது தன் மாமனாரை. சவுரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு விழுப்புரம் பஸ்ஸில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரச் சீட்டைச் சீனுவாசனுக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்டரை மணிக்கெல்லாம் கரையில் உட்கார்ந்துவிட்டான். கம்பு சுகமாக நீண்டது. ஆகாயத்தாமரையைத் தாண்டித் தெளிந்த தண்ணீர்வரை நூல் போயிற்று. மூங்கில் எட்டாத இடம் அது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. இன்னொன்று இழுத்துக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம் கேட்டது.

இரண்டு பைக்குகள். முதல் வண்டியில் விருத்தாசலத்தின் ஆட்கள் இருவர். இரண்டாவது வண்டியைச் சீனுவாசன் ஓட்டி வந்தான், பின் சீட்டில் மாமனார்.

சவுரிராயன் பதறவில்லை. மீனை நூலோடு அறுத்து விட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்தபடி நுனியிலிருந்து ஒவ்வொரு கணுவாக மூடினான். அவர்கள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் கம்பு முழங்கை நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

"எத்தினி வாட்டிடா சொல்றது உனக்கு? இன்னா இது, ரூல் தடி மாதிரி?"

"தூண்டிலுங்க."

விருத்தாசலம் அதைப் பிடுங்கினார். வழக்கம்போல முட்டியைத் தூக்கி அதில் வைத்து மடக்கினார். கம்பு அசையவில்லை, முட்டிதான் வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. மறுபடியும் மடக்கினார். மதகுக் கல்லில் ஓங்கி அடித்தார். கல்லில்தான் சில்லு பெயர்ந்தது. எதிர்க்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அவருடைய ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சவுரிராயனுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாற்பத்து நாலு வருஷத்தில் அந்தக் கரையில் அவன் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.  அந்தச் சந்தோஷத்தில், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. கடையில் செங்கல் மேல் ஏறி நின்ற நண்பன் எதிரில் நிற்கிறான், அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"சீனு, நீ சொல்லேன்டா இவருகிட்ட! தூண்டில்தான போடறேன், வலையா போடறேன்?"

விருத்தாசலத்தின் ஆட்கள் குனிந்த தலையை நிமிர்த்தினார்கள்.

விருத்தாசலம் மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார். "இன்னா மாப்ள இது? உங்களத்தான் டா போட்டுக் கூப்படறான்."

"வேல செய்யற எடத்துல தெரியுங்க மாமா."

"தெரியுமா?"

"அவ்ளோதாங்க. சும்மா, தெரியும்."

"அப்ப இத எப்டி உடைக்கிறதுன்னும் தெரிஞ்சிருக்குமே" என்று கம்பை அவனிடம் நீட்டினார்.

சீனுவாசன் வாங்கிக்கொண்டான். சவுரிராயனைப் பார்க்கவில்லை. கம்பை இழுத்தான். கடையில் செய்த மாதிரியே ஒவ்வொரு கணுவையும் நிதானமாக இழுத்து, லேசாகத் திருகி இறுக்கினான். பன்னிரண்டு அடியும் நீண்டதும் நுனியைப் பிடித்து ஒடித்தான். அடுத்த கணுவை ஒடித்தான். கீரைத்தண்டு ஒடிகிற சத்தம்தான் கேட்டது. மீதியைச் சவுரிராயனின் காலடியில் போட்டான்.

"எடுத்துக்கினு போடா. இனிமே இந்தப் பக்கம் வராத."

திண்டிவனத்திலும் அவன் டா என்றுதான் சொல்வான். அந்த ஒரு எழுத்துக்கு இவ்வளவு நாற்றம் உண்டு என்று சவுரிராயனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூலிக்காரனுக்குக் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரும் வசதி ஏது? திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போனார்கள். ஒருவன் கலவை பரப்பினான், ஒருவன் கல் வைத்தான். தரை ஒரு நூல் பிசகாமல் மட்டமாக வந்தது. மதியம் சவுரிராயன் சாப்பாட்டைத் தனியாகக் கொண்டுபோய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். சீனுவாசன் பின்னாலேயே வந்தான்.

"மச்சான், கோவமா?"

சவுரிராயன் சோற்றைப் பிசைந்தான்.

"டேய், நீ ஒண்ணு கவனிச்சியா? ரெண்டு கணுவோட நிறுத்திட்டேன். மீதி நாலும் நல்லா இருக்குது. எங்க மாமனாரு ஆளுங்க கை வெச்சிருந்தா முழுசையும் நசுக்கியிருப்பானுங்க. நுனி ரெண்டும் தனியாவே கிடைக்கும், அடி மூடியத் திருகிக் கழட்டிட்டு மாத்திடலாம். வேணும்னுதான் அப்டி உடைச்சேன். சாயங்காலம் வா, நானே வாங்கித் தர்றேன்."

நன்றி சொல்வான் என்று எதிர்பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சவுரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை. வெறியில் உடைத்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். இவன் கணக்காக, அளவு பார்த்து, டைல்ஸ் வெட்டுகிற மாதிரி வெட்டியிருக்கிறான்.

"தப்பு உம்மேலயும் இருக்குதுடா" என்று அவனே தொடர்ந்தான். "யாரு உன்ன அங்க பேர் சொல்லிக் கூப்ட சொன்னது? நீ பாட்டுக்குச் சும்மா நின்னிருந்தா எங்க மாமனாரு அத உடைக்க முடியாம தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பாரு. நீ கூப்ட்டதும் நான் இன்னா பண்றது, சொல்லு? எனக்கு அங்க குடும்பம் இருக்குது."

"எனக்கு?"

"இன்னா?"

"எனக்கு அங்க குடும்பம் இல்லியா?"

சீனுவாசன் பேச்சை மாற்றினான். "அந்த ஏரிய வுடுடா. வர ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வீடூர் டேம் போலாம். காலைலயே போய்டலாம். அங்க நம்மள யாருக்கும் தெரியாது. பக்கத்துல பக்கத்துல உக்காந்து போடலாம்."

"எங்க ஏரியில எம்பக்கத்துல உக்காருவியா? ஒரு அஞ்சு நிமிசம்?"

சீனுவாசன் எழுந்து கல் அடுக்கப் போனான். பதினோரு வருஷமாக அமலா வைத்த குழம்பைத் தின்ற வாய் அது. ஆமாம் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அதுவும் வரவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து இருவரும் இளவரசி கடைக்குப் போனார்கள். சவுரிராயன் மறுக்கவில்லை, இளவரசியிடம் காட்டக் காலையிலேயே பையில் எடுத்து வந்திருந்த கம்போடு பின்னால் நடந்தான். சீனுவாசன்தான் கம்பை வாங்கி மேஜையில் வைத்து, நுனிக் கணு இரண்டு வேண்டும் என்றான். பர்ஸையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

இளவரசி ஒடிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போன வாரம்தான வாங்கினீங்க! ஏறி நின்னெல்லாம் பாத்தீங்களே, எப்டிங்க உடைஞ்சது?"

"பெரிய மீனுங்க" என்றான் சீனுவாசன். சிரித்தான். "வெடுக்குனு இழுத்துச்சு, தாங்கல."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மீன் இழுத்து ஒடிந்த கம்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவளா அவள்? இருந்தாலும் உள்ளே போய் ஒரு பெட்டியைத் துழாவி இரண்டு கணுக்களை எடுத்து வந்தாள்.

சவுரிராயன் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் நடந்தது ஒரு மீனின் தலையில் போய்விடும். நாளைக்கு மண்டபத்தில் கேட்டாலும் மீன்தான். அடுத்த வாரம் இந்தச் சீனுவே அதை நம்ப ஆரம்பித்துவிடுவான்.

"மீன் இல்லக்கா" என்றான். "இவருதான் உடைச்சாரு."

"யாரு, இவரா?"

"ஆமாக்கா. எங்கூட வந்து பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தாருல்ல, இவருதான். எங்க ஏரிக்கரையில, நாலு பேரு பாக்க, எங்கண்ணு முன்னால."

"டேய் சவுரி, இன்னாடா..." என்று சீனுவாசன் அவன் தோளைப் பிடித்தான். சவுரிராயன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

இளவரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சீனுவாசனிடம், "ஏங்க உடைச்சீங்க?" என்று கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

 சீனுவாசன் வெளியே ரோட்டைப் பார்த்தான். தப்பிக்க வேறு பொய் கிடைக்காமல், நாற்பத்திரண்டு வயசு ஆள், வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி முணுமுணுத்தான்.

"எங்க மாமனாரு சொன்னாருங்க."

இளவரசி கையில் இருந்த இரண்டு கணுக்களையும் பெட்டியில் திரும்பப் போட்டாள். "அப்ப இத மாத்தி இன்னாங்க பிரயோஜனம்? அவரு மறுபடியும் சொல்லுவாரு, நீங்க மறுபடியும் உடைப்பீங்க."

"குடுங்கக்கா" என்றான் சவுரிராயன். தன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தான். சீனுவாசன் நீட்டிய பர்ஸைப் பார்க்கவே இல்லை. "வர ஞாயித்துக்கெழமயும் நான் அங்கதான் உக்காருவேன். இந்த வாட்டி மூட மாட்டேன், நீட்டியே வெச்சிருப்பேன். இவரு வந்து உடைச்சிட்டுப் போகட்டும்."